கோழித் தீனியில் கைமருந்து

சென்ற ஆண்டு என் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து உண்டும் தணியவில்லை. சிறுநீரை ஆய்ந்து தந்த சீட்டை அப்போதுதான் வாழ்வில் முதன்முறையாக ஊன்றிப் படித்தேன். பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எட்டின் எதிரே 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து இடப்பட்டிருந்தது. "இந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது என்பதற்கு அது அடையாளம்" என்று இளம் வைத்தியர் ஒருவர் விளக்கினார். அடங்கக்கூடிய நான்கில் ஒன்றை ஏற்றி, இறைவன் அருளால் தாயார் தேறினார். அந்த எட்டுள் ஒன்றன் பெயர் சிப்ரோபுளொக்சசின்.

சில நாட் கழித்து, சம்மாந்துறையின் வயலோரத்தில் என் மருமகன் நடத்தும் கோழிக்கொட்டிலுக்குப் போயிருந்தேன். முந்நூறு இறைச்சிக்கோழிகள். தூணில் ஒரு மருந்துப்பொதி தொங்கிற்று. அதில் என்ரோபுளொக்சசின் என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பதையும், பின்னது உடலினுள்ளே ஓரளவு முன்னதாகவே மாறுகிறது என்பதையும் பின்பு படித்தறிந்தேன். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டிலேயே கோழிகளுக்கு அதனைக் கொடுக்கலாகாது எனத் தடுத்துவிட்டார்கள். தாயாரின் நோய்க்கு மருமகனின் கோழிகளே காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு யாதொரு சான்றும் இல்லை. ஆயினும் ஒரே மருந்தை மனிதனுக்கும் கோழிக்குமாகப் பங்கிட்டு வாழ்கின்றோம் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

இந்தப் பங்கீடு தொடங்கிய கதை சுவையானது. 1940களின் இறுதியில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஸ்ரொக்ஸ்டட், ஜூக்ஸ் என்னும் இருவர், பீ-12 என்னும் உயிர்ச்சத்தைக் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவாக ஊட்டும் வழியைத் தேடிக்கொண்டிருந்தனர். ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை வடித்தெடுத்த பின் எஞ்சிய கசட்டைத் தீனியிற் கலந்து கொடுத்தனர். உயிர்ச்சத்தால் வளரக்கூடிய அளவையும் மீறிக் குஞ்சுகள் வளர்ந்தன. கசட்டில் ஒட்டிக்கிடந்த மருந்துதான் அதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. 1950இல் இச்செய்தி வெளியாயிற்று. அதன்பின் நோயில்லாத கோழிக்கும் நாடோறும் சிறிது மருந்து என்பது உலக வழக்கமாயிற்று. பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்ற மேடையிலேயே, அளவிற் குறைந்த மருந்து கிருமியை அழியாமற் பழக்கிவிடும் என்று எச்சரித்திருந்தார். கேட்பாரில்லை. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 தைத் திங்கள் முதலாம் நாளில் நிறுத்திற்று.

மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இங்கேதான் உள்ளியும் மஞ்சளும் கருஞ்சீரகமும் ஓமமும் வந்து நிற்கின்றன. எங்கள் மூத்தம்மா மாரி தொடங்கியதும் உள்ளிப்பல்லும் பச்சை மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அம்மியில் வைத்துத் தட்டி, தவிட்டிற் பிசைந்து, வளவிற் திரியும் கோழிகளுக்கு உருட்டிப் போடுவார். எவ்வளவு என்று கேட்டால் கையைக் காட்டுவார். அந்தப் பிடிதான் அளவு. அதனைப் பேதைமை என்று எண்ணிய காலம் எனக்கும் உண்டு. இன்று ஆய்வாளர்கள் அதே பொருள்களைத்தான் ஆய்வுக்கூடத்தில் ஆராய்கின்றனர். உள்ளியை நசுக்கும்போது அதனுள் இருக்கும் ஒரு நொதியம் வேலைசெய்து அல்லிசின் என்னும் காரப்பொருளை உண்டாக்குகின்றது. நசுக்காமல் அவித்துவிட்டால் நொதியம் கெட்டுப்போகும், அல்லிசின் பிறவாது. மூத்தம்மா தட்டியே போட்டார். ஒருநாளும் அவித்துப் போட்டதில்லை. ஓமத்தின் மணம் தைமோல். கற்பூரவள்ளியின் மணம் பெரும்பாலும் கார்வக்ரோல். கறுவாவிலும் கராம்பிலும் அவற்றுக்குரிய எண்ணெய்கள் உண்டு. இவை குடலிலுள்ள தீய நுண்ணுயிர்களின் மேலுறையைச் சிதைப்பதும், செரிமான நீரைத் தூண்டுவதும் ஆய்வுகளிற் காணப்பட்டவை. நபிமொழியிற் புகழப்பட்ட கருஞ்சீரகத்தை இவ்வூரில் அறியாதார் இல்லை. அதனையும் பல நாட்டு ஆய்வாளர்கள் கோழித்தீனியிற் கலந்து பார்த்திருக்கின்றனர்.

ஆயின் அந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஓரிடத்தில் நிறை கூடிற்று. வேறோரிடத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை. மற்றோரிடத்தில் அளவு மிஞ்சியதால் நிறை குறைந்தது. முருங்கையிலைத் தூள் சிறிதளவில் நல்ல உணவு. மிகுதியானால் நாரும் துவர்ப்பும் சேர்ந்து குஞ்சின் வளர்ச்சியைத் தடுக்கும். மணவெண்ணெய்கள் ஆவியாகிப் போகின்றவை. தீனியை நீராவியிற் சூடாக்கிக் குளிகையாக அழுத்தும் ஆலையில் அவற்றின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். சாக்கில் மாதக்கணக்காகக் கிடந்தால் மணமும் போம். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து, மருந்து என்று கொடுப்பதே நஞ்சாகும்.

என் மருமகன் இதனை இழப்பினால் அறிந்தான். சென்ற மார்கழியில் அவன் ஒரு மூலிகைத்தூள் வாங்கி வந்தான். உறையில் 'முழுவதும் இயற்கை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த மூலிகை எத்தனை கிராம் என்று எங்கும் இல்லை. "மாமா, இதப் போட்டா ஊசியும் தேவல்ல, மருந்தும் தேவல்ல எண்டு சொல்றாங்க" என்றான். அடைமழை. கொட்டிலின் ஓரம் ஒழுகிற்று. கோழிகளின் அடியில் விரித்த உமி நனைந்து களியாகக் கிடந்தது. இரத்தக்கழிச்சல் கண்டது. உமியை மாற்றவேண்டிய நேரத்தில் அவன் தூளைக் கூட்டிப்போட்டான். ஒரு கிழமையில் நாற்பதுக்கு மேற்பட்டவை செத்தன. நெல்லாலைகள் நிறைந்த இந்த ஊரில் காய்ந்த உமிக்கு என்ன பஞ்சம்? மாமனாகிய நானும் தூளின் உறையைத்தான் வாசித்தேனேயன்றிக் கோழியின் காலடியைப் பார்த்தேனில்லை.

டென்மார்க்கில் 1990களின் இறுதியில் இறைச்சிக்கோழித் தீனியிலிருந்து வளர்ச்சி மருந்துகளை அகற்றியபோது, எதிர்பார்த்த பேரழிவு நேரவில்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து எழுதியது. அங்கே கொட்டில்கள் காய்ந்திருந்தன, காற்றோட்டம் இருந்தது, ஒரு தொகுதி கோழி போனபின் நன்றாகக் கழுவி உலர்த்தியே அடுத்த தொகுதியை விட்டனர். இவற்றைச் செய்தவனுக்கு மூலிகை துணைநிற்கும். செய்யாதவனுக்கு எந்தத் தூளும் துணைநில்லாது. இராணிக்கெட், கம்போறோ ஆகிய நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடாமல் மூலிகையை மட்டும் நம்புவதும் அதே பிழையே.

நிற்க. இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஆராய்வதை விட்டுவிடுகிறோம் என்பதே எனது பெருங்கவலை. 2021ஆம் ஆண்டின் சித்திரை, வைகாசியை இப்பகுதி உழவர் மறந்திருக்கமாட்டார். இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தி, நாடு முழுவதும் சேதன விவசாயம் என்றார்கள். வட்டையில் பயிர் மஞ்சளித்து நின்றதைக் கண்ணாற் கண்டோம். சேதன உரம் தீயதன்று. அளந்து, சோதித்து, படிப்படியாகச் செய்யவேண்டியதை முழக்கமாகச் செய்தமைதான் தீது. அதற்கு முந்திய ஆண்டிலே மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்து, சமையலுக்கு மஞ்சள் வாங்கவே மக்கள் தயங்கினர். அந்நாளிற் கோழிக்கு மஞ்சள் போடு என்று யாரேனும் சொல்லியிருந்தால் மூத்தம்மாவே சிரித்திருப்பார்.

விலைக் கணக்கையும் சற்றே பார்க்கலாம். இறைச்சிக்கோழி ஒன்று விற்கும் நாள்வரை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீனி உண்ணும். முந்நூறு கோழிக்கு ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். ஆய்வுகளில் அடிக்கடி காணும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் உள்ளித்தூள் கலப்பதாயின் 10 கிலோ தூள் வேண்டும். அதற்குப் பச்சை உள்ளி 25 கிலோவுக்கு மேல். கடலைத் தாண்டி வரும் உள்ளியை அப்படி வாங்கிக் கொட்ட யாரால் முடியும்? ஆகவே முருங்கை, கற்பூரவள்ளி, வேம்பு என்று வேலியிலும் வளவிலும் கிடைப்பனவற்றையே முதலில் ஆராயவேண்டும் என்பேன்.

இங்கே தமிழாசிரியனாக இருந்தவன் ஒரு சொற்சிக்கலையும் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில், பேராசிரியர் புண்ணியமூர்த்தி முதலியோர் மரபு மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து, கோழி நோய்களுக்கும் உரிய கலவைகளைக் கிராம் கணக்கில் தமிழிலே உழவர் கையிற் கொடுத்துள்ளனர். மூத்தம்மாவின் பிடி அங்கே கிராமாக மாறியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அவர்கள் பூண்டு என்பது நமக்கு உள்ளி. நாம் பெருஞ்சீரகம் என்பது அவர்களுக்குச் சோம்பு. நமது கறுவா அவர்களுடைய இலவங்கப்பட்டை. வெறும் இலவங்கம் என்றாலோ அது கராம்பு. பட்டையென்று எண்ணிக் கராம்பைக் கொட்டினால் கோழியின் கதி என்ன? அன்றியும், நோய்ப்பட்ட சில கோழிகளுக்கு உருட்டிக்கொடுக்கும் கைமருந்து வேறு. நோயற்ற முந்நூறுக்கு நாடோறும் கலக்கும் தீனிச்சேர்க்கை வேறு. இவ்வேறுபாட்டை விளக்கும் தெளிவான சிறுநூல் ஒன்று ஈழத்துச் சொற்களில் வேண்டும். பேராதனையிலும் கன்னொறுவையிலும் வந்தாறுமூலையிலும் கால்நடை அறிவு படைத்தோர் இருக்கின்றனர். அவர்களது அறிவு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சாகின்றது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் எங்கள் சம்மாந்துறையிலேயே உள்ளது. அதன் வாசலுக்கு எதிரே நின்று மருமகன் வெற்றுறையை வாசிப்பது யாருக்குப் பெருமை?

பாடசாலைகளும் இதிற் கைகொடுக்கலாம். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு நடக்கின்றது. உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமே உண்டு. ஒரே நாளிற் பொரித்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெறுந்தீனியும் மறுபகுதிக்கு நிறுத்துக் கலந்த தீனியும் கொடுத்து, உண்டதையும் வளர்ந்ததையும் செத்ததையும் குறித்துவர ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். பயன் இல்லை என்ற முடிவு வந்தாலும் அதனை அப்படியே எழுதவேண்டும். அந்த நேர்மையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மருமகன் இப்போது கூரையைச் செப்பனிட்டு, புதிய உமி விரித்து, கொட்டிலின் நடுவே வலை கட்டியிருக்கிறான். ஒருபக்கம் நூற்றைம்பது; மறுபக்கம் நூற்றைம்பது. ஒருபக்கத் தீனிக்கு மட்டும், நிழலில் உலர்த்திய கற்பூரவள்ளியையும் முருங்கையிலையையும் நிறுத்துக் கலக்கிறான். தூணில் தொங்கிய மருந்துப்பொதியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறான்; மிருக வைத்தியர் சொன்னாலன்றித் திறப்பதில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமை குஞ்சுகளுக்கு இருபத்தெட்டாம் நாள். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நிறுக்க வரும்படி சொல்லியிருக்கிறான். பக்கத்துக் கடைக்காரரிடம் தராசுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.