படத்துக்கான ஒப்பனையும் தோலின் நிறமும்

புகைப்படத்துக்கென்று செய்யப்படும் ஒப்பனை, கேமராவின் பார்வைக் குறைகளை முன்கூட்டியே கணித்து முகத்தின்மேல் செய்யப்படும் ஒரு திருத்தமாகும். மனிதக் கண் ஓயாமல் அசைந்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டே ஒரு முகத்தைக் காண்கிறது. கேமராவோ நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் வந்து விழும் ஒளியை மட்டும் பதிவுசெய்துவிட்டு நின்றுவிடுகிறது. அதனால்தான் நேரில் எவரும் பொருட்படுத்தாத நெற்றி வியர்வை படத்தில் வெண்திட்டாக விழுகிறது. நேரில் திருத்தமாகத் தெரிந்த கன்னச் சிவப்பு படத்தில் காணாமற்போகிறது. இந்த வேறுபாட்டை மறந்து செய்யப்படும் ஒப்பனை, பொருள்கள் எத்துணை விலையுயர்ந்தவையாயினும், ஆல்பத்தில் தோற்றுவிடுகிறது. தமிழ்நாட்டுத் திருமண ஆல்பங்களில் அது தோற்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான்: முகம் மட்டும் வெளுத்து, கழுத்தும் காதும் கைகளும் தம் இயல்பான நிறத்தில் நிற்கின்றன.

கேமராவின் குறைக்கு முகம் விலை கொடுப்பது திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1920களின் நடுப்பகுதி வரை பெரிதும் பயன்பட்ட ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள், நீல, பச்சை ஒளியை உணருமே தவிரச் சிவப்பை உணராது. ஆகவே சிவந்த உதடு திரையில் கறுத்தது, வெளிர்நீலக் கண்கள் ஏறக்குறைய வெண்மையாகத் தெரிந்தன, முகத்தின் சிறு செம்மையும் அழுக்குப் படிந்ததுபோல் பதிவாயிற்று. நாடகமேடையிலிருந்து வந்த தடித்த கொழுப்புச் சாயமோ முகம் அசைந்தபோதெல்லாம் வெடித்தது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர், 1914இல் திரைப்படத்துக்கென்றே மெல்லிய குழைவான சாயத்தை உருவாக்கியதன் காரணம் இதுவே. 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் சுருளும் டங்ஸ்டன் விளக்குகளும் வந்தபோது அதுவரையிலான சாய வரிசை பயனற்றுப்போயிற்று. பின்னர் டெக்னிகலர் என்னும் வண்ணப்பட முறை வந்ததும் சாயத்தின் பளபளப்பில் சுற்றியுள்ள பொருள்களின் நிறங்கள் முகத்தில் எதிரொளிக்கத் தொடங்க, ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசி, பளபளப்பின்றி உலரும் ‘பேன்கேக்’ பிறந்தது. 1937இல் வெளிவந்த ‘வோக்ஸ் ஆஃப் 1938’ என்னும் படத்தில் அது பயன்பட்டது.

இந்தப் பேன்கேக் சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அசோகமித்திரன், அந்நிறுவனத்தில் அது லாரி லாரியாக வாங்கப்பட்டதையும், ஒப்பனை அறையில் கண்ணாடிகளைச் சுற்றி எரிந்த விளக்குகளின் வெம்மையில் நடிகர்கள் பட்ட துன்பத்தையும் தம் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பார்க்க லட்சணமாக இருந்தவர்களையும் அந்த அறை நேரில் அஞ்சத்தக்க செந்நிற உருவங்களாக மாற்றியது என்றும், அரங்க விளக்குகளுக்கு அது தேவைப்பட்டது என்றும் அவர் பதிவுசெய்கிறார். திரையில் இயல்பாகத் தெரிவதற்கு நேரில் இயல்பை இழக்க வேண்டியிருந்த அந்த நிலை இன்று இல்லை. இன்றைய டிஜிட்டல் கேமரா தோலின் மிக நுண்ணிய வேறுபாடுகளையும் பிடித்துவிடுகிறது. ஆயினும் தடித்த பூச்சு மட்டும் மணமேடையில் தொடர்வதை, கருவி மாறிய பின்னும் பழக்கம் மாறாததன் விளைவாகவே கொள்ள வேண்டும்.

கரிய தோலின் விஷயத்தில் குறை கருவியோடு நிற்கவில்லை; அதை அளவுதிருத்தியவர்களின் முன்முடிவும் அதில் சேர்ந்திருந்தது. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் புகைப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகம் நன்றாக வந்தால் நிறம் சரி என்று முடிவாயிற்று. படச்சுருள் பழுப்பு நிறச் சாயல்களைப் பிரித்துக் காட்டும் திறன் மேம்பட்டதற்கு, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தம் பொருள்கள் விளம்பரங்களில் சரியாக வரவில்லை என்று முறையிட்டதே முக்கியக் காரணம் என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரையில் காட்டுகிறார். கரிய முகங்களுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது என்னும் உண்மை வலிக்கத்தான் செய்கிறது. தம் பழைய படங்களைப் பார்த்துத் தம் நிறத்தையே நொந்துகொண்ட எத்தனையோ பேருக்கு, பழுது தம் முகத்தில் இல்லை என்று சொல்ல அன்று ஆளில்லை.

பழுது இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. கேமராவின் தானியங்கி ஒளி அளவி, தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. மணமகளின் அருகே மணமகன் வெள்ளை வேட்டியில் அமர்ந்து, பின்னால் வெண்பூ அலங்காரமும் இருந்தால், அளவி வெளிச்சம் மிகுதி என்று முடிவுசெய்து படத்தை இருட்டாக்குகிறது. மாநிற முகம் மேலும் கறுக்கிறது. படத்தைப் பார்க்கும் உறவினர் அதற்குத் தீர்வாக இரண்டு படி வெளிறிய ஃபவுண்டேஷனைக் கேட்கின்றனர். முகத்தின்மேல் விழும் ஒளியைத் தனியே அளந்து படமெடுப்பதே இதற்கு உரிய தீர்வாகும். அது புகைப்படக்காரரின் பொறுப்பே தவிர மணமகளின் முகத்துக்கு உரியதன்று. தாலி கட்டும் தருணத்தின் படத்தில் மணமகளின் கழுத்தே நடுநாயகம் என்பதால், வெளுத்த முகத்துக்கும் இயல்பான கழுத்துக்கும் இடையிலான கோடு அங்கேதான் மிகக் கொடுமையாக வெளிப்படுகிறது.

வெண்மை தற்செயலாகவும் வந்து சேர்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்துகள்கள் பல சன்ஸ்கிரீன்களிலும் ஃபவுண்டேஷன்களிலும் உள்ளன; மிக நுண்ணிய சிலிக்கா, எண்ணெய்ப்பசையை உறிஞ்சும் பவுடர்களில் சேர்கிறது. மண்டப வெளிச்சத்தில் இவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் லென்சுக்கு அருகிலிருந்து நேராகப் பாயும் ஃபிளாஷ் ஒளியை இவை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், மூக்கின் மேலும் கண்ணுக்குக் கீழும் சாம்பல் பூசினாற்போன்ற திட்டுகள் படத்தில் தோன்றுகின்றன. கரிய தோலில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

பளபளப்பு முழுவதையும் பவுடரால் அடக்கிவிடுவதும் தவறே. வெளிர்நிற முகத்தின் வடிவத்தைப் படத்தில் காட்டுவது பெரும்பாலும் நிழல். கரிய முகத்தின் வடிவத்தைக் காட்டுவதில் தோலில் பட்டுத் திரும்பும் ஒளிக்குப் பெரும்பங்கு உண்டு. ‘இன்செக்யூர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒளிப்பதிவாளர் அவா பெர்காஃப்ஸ்கி, நடிகர்களின் தோலில் ஒளியை எதிரொளிக்கும் ஈரப்பசைக் களிம்பைப் பூசவைத்து, கண் கூசும் விளக்குகளைத் தவிர்த்து, அந்த எதிரொளியைக் கொண்டே முகங்களைத் துலங்கச் செய்ததாக 2017இல் விளக்கினார். முகூர்த்தப் படத்துக்கும் இந்த முறை பொருந்தும்: வியர்க்கும் நெற்றியிலும் மூக்கோரத்திலும் பவுடரை ஒற்றி, கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் தோலின் இயற்கைப் பளபளப்பை விட்டுவைத்தால் முகம் தட்டையாகாது.

ஃபவுண்டேஷனின் நிறத்தைப் புறங்கையில் பூசிப் பார்க்கும் வழக்கம் பயன் தராது. கையின் நிறமும் முகத்தின் நிறமும் பலருக்கு வேறுபடும். தாடையிலிருந்து கழுத்துக்குக் கோடாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் எது மறைந்துபோகிறதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பனை அறையின் மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 3,000 கெல்வின். பகலொளியும் ஃபிளாஷும் ஏறத்தாழ 5,500 கெல்வின். கெல்வின் என்பது ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு. எண் குறையக் குறைய மஞ்சள் மிகும். மஞ்சள் விளக்கின்கீழ் தேர்ந்த நிறம் ஃபிளாஷில் வேறாகத் தெரிவதற்கு இவ்வேறுபாடே காரணம். ஆகையால் திருமணத்துக்குச் சில நாள் முன்பே செய்யப்படும் ட்ரையல் ஒப்பனையின்போது, அறையை இருட்டாக்கி ஃபிளாஷுடன் ஒரு படமும், சன்னலருகே ஃபிளாஷ் இன்றி ஒரு படமும் எடுத்து, இரண்டிலும் காதுமடலையும் கழுத்தையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புகைப்படக்காரரே அன்று வந்து தம் கேமராவில் அந்தப் படங்களை எடுத்தால் இன்னும் நல்லது.