கை கொடுக்காத நகரங்கள்

கலிபோர்னியா மாநிலத்தின் வடக்கே, கடலோரமாக ஆர்காட்டா என்று ஒரு சிற்றூர். 2000களின் தொடக்கத்தில் மக்கள்தொகை சுமார் 17,000. 2003ல் இவ்வூரின் நகரசபை விசித்திரமான ஓர் உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. மத்திய அரசின் பேட்ரியாட் சட்டத்தைக் காட்டித் தகவல் கேட்டு யாராவது வந்தால், நகராட்சியின் துறைத் தலைவர்கள் தாமாக முன்வந்து உதவக் கூடாது. விஷயத்தை நகரசபைக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் 57 டாலர் அபராதம். உலகின் மிகப் பெரிய வல்லரசின் உளவுத்துறைக்கு எதிராக, 57 டாலர்!

சிரிப்பு வரத்தான் செய்யும். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6ஆவது ஷரத்துப்படி மத்திய சட்டம்தான் மேலானது. அதை எந்த நகரசபையும் ரத்து செய்துவிட முடியாது. ஆனாலும் இந்தக் காய்ச்சல் ஆர்காட்டாவோடு நிற்கவில்லை. அங்கே தொடங்கவும் இல்லை. 2002 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம் முதல் தீர்மானத்தைப் போட்டது. பெர்க்லி, கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழக நகரங்கள் பின்தொடர்ந்தன. படித்தவர்களும் இடதுசாரிகளும் வாழும் ஊர்கள், அப்படித்தான் பேசும் என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. சிகாகோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் சேர்ந்தன. 2004 பிப்ரவரியில், இரட்டைக் கோபுரம் சரிந்து விழுந்த நியூயார்க்கே சேர்ந்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் நிறைந்த அலாஸ்கா சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளுக்குள் 400க்கும் மேற்பட்ட ஊர்கள், எட்டு மாநிலங்கள் என்று கணக்கு உயர்ந்தது.

எதற்கு இத்தனை கோபம்? 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 45 நாட்களில், அக்டோபர் 26 அன்று, ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. 300 பக்கங்களுக்கு மேல். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர் - விஸ்கான்சின் மாநிலத்தின் ரஸ் ஃபைன்கோல்ட். சட்டத்தின் 213ஆவது பிரிவுப்படி, வீட்டில் ஆளில்லாதபோது புகுந்து சோதனை போட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் பிற்பாடு சொல்லலாம். 215ஆவது பிரிவு ஒரு நிறுவனத்தின் எந்த ஆவணத்தையும் ரகசிய நீதிமன்றத்தின் உத்தரவோடு கேட்டுப் பெற வழி செய்தது. கொடுத்தவர் அதை வெளியே சொல்லக் கூடாது.

எந்த ஆவணத்தையும் என்றால் நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பதும் அடங்கும். அமெரிக்காவில் முதலில் கொதித்தெழுந்தவர்கள் நூலகர்கள்தான். சும்மா பயப்படுகிறார்கள், ஆதாரமற்ற பீதி என்று அட்டார்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் 2003ல் கிண்டலடித்தார். இரண்டே ஆண்டுகளில், 2005ல், கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு எஃப்.பி.ஐ.யிடமிருந்து கடிதம் வந்தது. பேட்ரியாட் சட்டம் விரிவாக்கித் தந்த வேறோர் அதிகாரத்தின் கீழ் வந்த கடிதம் அது. நூலகக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பயன்படுத்தியவர் யார் என்ற விவரம் வேண்டும். இப்படிக் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. நான்கு நூலகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கில் அவர்கள் பெயர்கூட வெளியே வர முடியவில்லை. சட்டத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று நாடாளுமன்றம் விவாதித்துக்கொண்டிருந்த மாதங்களில், அது எப்படி நடைமுறையாகிறது என்று நேரடியாக அறிந்த நால்வரும் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள். 2006 மார்ச்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்ட பிறகே அவர்களுக்குப் பேச அனுமதி கிடைத்தது.

நகரங்கள் போட்ட தீர்மானங்களில் பெரும்பாலானவை வெறும் காகிதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கவலை தெரிவித்தார்கள், வலியுறுத்தினார்கள், நகலை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஆனால் சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும். அந்த நாட்களில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் நாடு முழுவதற்கும் சுமார் 11,000 பேர். மாநில, உள்ளூர்ப் போலீசாரோ ஆறு லட்சத்துக்கும் அதிகம். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர், எந்த மசூதிக்கு யார் வருகிறார் என்பதெல்லாம் உள்ளூர்ப் போலீசுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் அந்தப் போலீஸ் மேயருக்குக் கட்டுப்பட்டது. சம்பளம் கொடுப்பது நகரம். கமிஷனரை நியமிப்பது நகரம்.

இதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, அது வந்த வழி வேடிக்கையானது. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்கள் விசாரிக்க வேண்டும் என்றது மத்திய சட்டம் ஒன்று. மான்டானா, அரிசோனா மாநில ஷெரீஃப்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். மாநில, உள்ளூர் அதிகாரிகளைத் தன் சட்டத்தை அமல்படுத்தும்படி மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 1997ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு. எழுதியவர் பழமைவாத நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. துப்பாக்கிப் பிரியர்கள் கொண்டாடிய தீர்ப்பு, பின்னாளில் துப்பாக்கியே பிடிக்காத நகரங்களுக்குக் கேடயமாயிற்று. மத்திய சட்டத்தைத் தடுக்க நகரத்துக்கு உரிமையில்லை. கை கொடுக்க மறுக்க உரிமை உண்டு.

இந்த உரிமையை நிஜமாகவே பயன்படுத்திய நகரம் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்து. 2001 நவம்பரில், அரபு, முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்திருந்த சுமார் 5,000 இளைஞர்களை விசாரிக்க மத்திய நீதித்துறை ஒரு பட்டியல் தயாரித்தது. எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. உள்ளூர்ப் போலீஸ் போய்க் கேள்வி கேட்டுவர வேண்டும். பொறுப்பு போலீஸ் தலைவராக இருந்த ஆண்ட்ரூ கிர்க்லண்ட் முடியாது என்றார். தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை; வீட்டுக்கு வீடு கொடி பறந்த நேரம். அவர் எடுத்துக் காட்டியது 1981ல் ஆரெகன் மாநிலம் இயற்றிய சட்டத்தை. குற்றத்தோடு தொடர்பு என்று நியாயமான சந்தேகம் இருந்தாலொழிய, ஒருவரின் அரசியல், மத, சமூகக் கருத்துகளைப் பற்றிப் போலீஸ் தகவல் திரட்டக் கூடாது என்கிற சட்டம் அது. கேள்விகளை மத்திய அதிகாரிகள் தாங்களே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தச் சட்டம் எவ்வளவு அவசியம் என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி கிடைத்தது. போர்ட்லாந்து போலீஸ் பல்லாண்டுகளாகத் திரட்டிய உளவுக் கோப்புகளை, 1981 சட்டப்படி அழித்திருக்க வேண்டும். அழிக்க மனமில்லாத அதிகாரி ஒருவர் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தார். 2002ல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவற்றை வெளிக்கொண்டு வந்தது. சுமார் 3,000 பேர், 576 அமைப்புகள். பட்டியலில் உணவுக் கூட்டுறவுக் கடையும் இருந்தது, சைக்கிள் பழுதுபார்க்கும் குழுவும் இருந்தது. தேசப் பாதுகாப்புக்கு சைக்கிளால் என்ன ஆபத்து என்று கோப்பு எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

2004 மே மாதம் வேறொரு பாடம். மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் 190க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அங்கே கிடைத்த கைரேகை போர்ட்லாந்து பகுதி வக்கீல் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் சாதித்தார்கள். அவர் இஸ்லாத்துக்கு மாறியவர். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் முன்பே சொல்லியும் கேட்கவில்லை. வீட்டை ரகசியமாகச் சோதனையிட்டு, பின்பு கைது செய்து, இரண்டு வாரம் காவலில் வைத்தார்கள். ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகே விட்டார்கள். 2006ல் மத்திய அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 2005ன் மோதல் வந்தது. எஃப்.பி.ஐ.யின் கூட்டு பயங்கரவாதத் தடுப்புப் படையில் நகரப் போலீசார் சிலரும் இருந்தார்கள். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பது மேயருக்குத் தெரியாது. அப்போதைய மேயர் டாம் பாட்டர், தானே முன்னாள் போலீஸ் தலைவர். தன் கீழ் வேலை பார்ப்பவருக்குக் கொடுத்திருக்கும் ரகசிய அனுமதியைத் தனக்கும் கொடுக்கச் சொன்னார். மாநிலச் சட்டத்தை அவர்கள் மீறவில்லை என்று வேறெப்படி உறுதி செய்வது? எஃப்.பி.ஐ. இணங்கவில்லை. ஏப்ரல் 28 அன்று நகரசபை நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் தன் போலீசாரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நாட்டிலேயே அப்படிச் செய்த முதல் நகரம். முழக்கம் எதுவும் இல்லாத, கிட்டத்தட்ட நிர்வாகக் கோரிக்கை அது. என் ஆள் என்ன செய்கிறான் என்று எனக்குச் சொல். இவ்வளவுதான் கேட்டது நகரம்.

சோதனையும் வந்தது. 2010 நவம்பரில், கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றப் போர்ட்லாந்து சதுக்கத்தில் கூட்டம் கூடியிருந்தபோது குண்டு வைக்க முயன்றதாக 19 வயது இளைஞன் கைதானான். குண்டு போலி, கொடுத்தது மாறுவேடத்தில் பழகிய எஃப்.பி.ஐ. ஆட்கள். அவனைப் பொறிவைத்து இழுத்தார்களா, அவன் தானாகவே வந்தானா என்ற வாதம் கோர்ட்டில் நெடுநாள் நடந்து, 2014ல் 30 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேயருக்குக் கைதுக்குப் பிறகே விஷயம் தெரிந்தது. விலகிய நகரம் ஆபத்தில் மாட்டியிருக்கும் என்றார்கள் ஒரு சாரார். நகரப் போலீஸ் அந்தப் படையில் இல்லாமலே ஆள் பிடிபட்டானே என்றார்கள் மறுசாரார். பயமே ஜெயித்தது. 2011ல் போர்ட்லாந்து பாதிமனதாகத் திரும்பியது, 2015ல் முழுதாகச் சேர்ந்தது, 2019 பிப்ரவரியில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் மீண்டும் வெளியேறியது. இந்த ஊசலாட்டத்தைக் குழப்பம் என்று பரிகாசம் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வாதம் பகிரங்க சபையில் நடந்தது, ஊர்க்காரர்கள் வந்து பேசினார்கள். ரகசியத்தில் மட்டுமே வாழும் ஓர் ஏற்பாட்டுக்கு அதுவே பெரிய இடைஞ்சல். 215ஆவது பிரிவோ 2020 மார்ச்சில் காலாவதியாயிற்று, புதுப்பிக்கப்படவில்லை.

இந்தியாவில் எந்த மாநகராட்சியாவது இப்படிச் செய்ய முடியுமா? 1992ல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று 18 இனங்களைப் பட்டியலிட்டது. தெருவிளக்கு உண்டு, சுடுகாடு உண்டு, ஆடுமாடு அறுக்கும் தொட்டி உண்டு. போலீஸ் இல்லை. இந்திய மேயர் திருப்பி அழைத்துக்கொள்ள அவரிடம் ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. இங்கே உள்ளூர் அதிகாரம் என்றால் கலெக்டரும் போலீஸ் கமிஷனரும்தான். 1980ன் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில், விசாரணையில்லாமல் ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கக் கையெழுத்துப் போடுகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். அமெரிக்க நகரங்கள் கொடுக்க மறுத்த கை, இங்கே கேட்பதற்கு முன்பே நீட்டப்பட்டிருக்கிறது.

போலீஸ் மாநிலத்துடையது என்பதால், போர்ட்லாந்து மேயரின் இடத்தில் இங்கே முதல்வர்களைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 2012ல் தேசிய பயங்கரவாதத் தடுப்பு மையம் அமைக்க மத்திய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் முனைந்தார். உளவுத்துறையின் கீழ் வரும் அந்த மையத்துக்குக் கைது செய்யும், சோதனையிடும் அதிகாரம் தரப்பட்டது. மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக், ஜெயலலிதா, அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி எல்லோரும் எதிர்த்தார்கள். மையம் கிடப்பில் போனது. நல்லதுதான். ஆனால் அவர்கள் காத்தது மாநிலத்தின் அதிகாரத்தை. குடிமகனைப் பற்றிய பேச்சு துணைக்கு வந்தது, அவ்வளவே. ஒரு மேடைப் பேச்சுக்காக வைகோவைப் பொடா சட்டத்தில் 2002ல் கைது செய்து 19 மாதம் சிறையில் வைத்தது இதே ஜெயலலிதாவின் அரசுதான்.

விதிவிலக்காக ஒரு முறை, ஒரு நகரத்தின் எல்லைக்கோடு இந்தியாவிலும் பயன்பட்டது. மணிப்பூர் முழுவதும் 1980 முதல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் 'கலவரப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2004 ஜூலையில் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படையினர் கைது செய்து கொண்டுபோன தங்ஜம் மனோரமா பிணமாகக் கிடைத்தார். சில நாட்களில் பன்னிரண்டு பெண்கள் காங்லா கோட்டை வாசலில் நிர்வாணமாக நின்று போராடினார்கள். ஊரே தெருவுக்கு வந்தது. சட்டத்தை நீக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் எது கலவரப் பகுதி என்று அறிவிப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆகஸ்ட் 12 அன்று இபோபி சிங் அரசு, இம்பால் நகராட்சிக்கு உட்பட்ட ஏழு சட்டமன்றத் தொகுதிகளை அந்த அறிவிப்பிலிருந்து விலக்கியது. மத்திய அரசுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும், அதற்குப் பின் பல ஆண்டுகள் மணிப்பூருக்கு வந்த நீட்டிப்பு உத்தரவுகளில் 'இம்பால் நகராட்சிப் பகுதி நீங்கலாக' என்ற சொற்கள் இடம்பெற்றுக்கொண்டே இருந்தன.