‘நம்ம ஆளுதானே, பேப்பர் எதற்கு?’

வழக்கறிஞர் என்றதும் கறுப்பு அங்கியும் நீதிமன்றமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் நீதிமன்றப் படியேறி வெகு நாளாகிறது. திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்புகளுக்கு ஒப்பந்தம் எழுதுவது என் வேலை. என்னிடம் சேம்பரிங் செய்ய வரும் பிள்ளைகள், நடிகர்களைப் பார்க்கலாம் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். பாவம், பார்ப்பதெல்லாம் தாள்கள்!

ஒரு காட்சியில் கதாநாயகி பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் யார் என்று தேடி அனுமதி வாங்க வேண்டும். அதே பாட்டின் பழைய ஒலிப்பதிவைப் பின்னணியில் ஒலிக்கவிட்டால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனி அனுமதி. சுவரில் தொங்கும் ஓவியத்திற்குக்கூட ஓர் உரிமையாளர் இருப்பார். இவை சரியாக இல்லையென்றால் படத்தை வாங்க வருபவர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

ஆனால், என்னை உறுத்துவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். ஒரு தயாரிப்பாளர் கேட்டதால், கல்லூரியில் படிக்கும்போதே 800 ரிங்கிட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் படத்தின் திரைக்கதையை எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்னர் அதே கதை தொடராகத் தயாராகிறது. பணமும் இல்லை, பெயரும் இல்லை.

“அண்ணன் தம்பி மாதிரி பழகுனோம் மேடம். பேப்பர் கேட்டா தப்பா நினைப்பாருன்னு விட்டுட்டேன்” என்றார்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவில் என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டு, நீங்கள் எழுதிக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை பதிப்புரிமை கேட்டவருக்கே போய்ச் சேரும். அவருடைய வாட்ஸ்அப் உரையாடலே, கேட்டுத்தான் எழுதினார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. 25ஆவது பிரிவைக் காட்டி, எழுதியவர் பெயரைப் போட வைக்க முடிந்தது. பணம் கிடைக்கவில்லை.

இந்தச் சட்டம் மாற வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றின் உரிமையைக்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படைத்தவருக்கே தருகிறது. தயாரிப்பாளர்களிடம் கட்டணம் வாங்கும் நான் இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. இருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க முடியுமா? நம் தமிழ்க் கலைத்துறை சிறியது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அதனாலேயே கேட்கக் கூச்சம். ஒரு பக்கம் போதும்: கதை யாருக்குச் சொந்தம், எத்தனை முறை பயன்படுத்தலாம், தொடராக எடுத்தால் எவ்வளவு, பெயர் எங்கே வரும். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நண்பர்களுக்கு அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுங்களேன்.

அந்த இளைஞர் அண்மையில் மீண்டும் வந்தார். கையில் தானே தட்டச்சு செய்த ஒரு பக்க ஒப்பந்தம். மொழி கொஞ்சம் கரடுமுரடு. இரண்டே இடங்களில்தான் திருத்தினேன்.