நிலக்கரியிலிருந்து கதிரொளிக்கு: உதவியும் நியாயமும்

நிலக்கரியை எரித்து மின்விசை பெறும் முறையைப் படிப்படியாகக் கைவிட்டு, கதிரவன், காற்று ஆகியவற்றின் ஆற்றலை நாடவேண்டும் என்பதில் இன்று அறிஞர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. அம்மாற்றத்திற்கான செலவை யார் ஏற்பது, அதனால் விளையும் இழப்பை யார் சுமப்பது என்பவையே தீராத வினாக்கள். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, தொழிலாளருக்கு நியாயமான முறையில் மாற்றம் நிகழவேண்டும் என்பதைத் தன் முகவுரையில் ஏற்றுக்கொண்டுள்ளது. ஏட்டில் உள்ள இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு அமைகிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் அனுபவம் தெளிவாக்குகிறது.

அந்நாட்டு மின்விசையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து கிடைப்பது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டின்போது பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தன. 2022இல் இந்தோனேசியாவுக்கும் வியத்நாமுக்கும், 2023இல் செனகலுக்கும் இவ்வாறே உறுதிமொழிகள் வழங்கப்பட்டன.

'உதவி' என்னும் சொல்லை இங்கே சற்று ஆராய்தல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, அத்தொகையில் நன்கொடையாக வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி கடனும் பிணைப்பொறுப்புமே. குறைந்த வட்டிக் கடன் பயனற்றதன்று. மின் நிலையம் வருவாய் ஈட்டும். ஆகவே கடனைத் திருப்பிச் செலுத்தும். ஆனால் வேலை இழந்தவருக்குப் புதுத் தொழில் கற்பிப்பதும், ஒரு சிற்றூரை நிலைகுலையாமல் காப்பதும் கடனை அடைக்கும் வருவாயைத் தருவன அல்ல. இவற்றுக்கு நன்கொடையே ஏற்றது. மேலும், 2025 மார்ச்சில் அமெரிக்கா இவ்வேற்பாட்டிலிருந்து விலகிற்று. கொடுப்பவர் விருப்பம்போல் விலகக்கூடிய ஏற்பாட்டை நம்பி ஒரு நாடு தன் தொழில்களை மாற்றியமைப்பது எளிதன்று.

ம்புமலாங்கா மாநிலத்துக் கோமாட்டி அனல் மின் நிலையம் 1961இல் இயங்கத் தொடங்கி, 2022 அக்டோபர் 31ஆம் நாள் மூடப்பட்டது. அடுத்த மாதமே உலக வங்கி 49.7 கோடி டாலர் நிதிக்கு ஒப்புதல் அளித்தது. அவ்விடத்தில் கதிரொளி, காற்று மின் அமைப்புக்களையும் மின்கலத் தொகுதியையும் நிறுவுவது நோக்கம். நிரந்தர ஊழியர் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒப்பந்தத் தொழிலாளர்க்கோ அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஊர்மக்களைக் கலந்து முன்கூட்டியே ஆயத்தம் செய்யவில்லை என்பதே பின்னர் எழுந்த முக்கியமான குறை.

இதைக் காட்டி, மாற்றமே வேண்டா என்போர் உளர். பழைய நிலையங்களின் புகை அதே ஊர் மக்களின் நெஞ்சகத்தைக் கெடுப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தேவைப்படுவது தாமதம் அன்று, முறையான வரிசை. புது வாழ்வுக்கு வழி முதலில் அமையவேண்டும். பிறகே பழைய உலை அணையவேண்டும்.

இந்தியாவுக்கு இச்செய்தி அயலானதன்று. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் சுரங்கப் பகுதிகளில் நிலக்கரியை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. சுமைகூலி, வண்டியோட்டி, சிறுகடைக்காரர் முதலானோர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம்பெறாதவர். மறுபுறம், 2015இல் பிரான்சுடன் சேர்ந்து பன்னாட்டுச் சூரிய ஆற்றல் கூட்டணியைத் தொடங்கி, அதன் தலைமையகத்தைக் குருகிராமில் அமைத்ததும் இந்தியாவே. உதவி பெறும் நாடாகவும் தரும் நாடாகவும் நிற்பதால், நியாயமான முறை எது என்று எடுத்துரைக்கும் தகுதி அதற்கு உண்டு.

பன்னாட்டு மன்றங்களில் தொகைகள் முடிவாகலாம். பயன் பெறவேண்டியவர் யார் என்பது களத்தில்தான் தெரியும். பட்டியலில் இல்லாத தொழிலாளரைக் கணக்கெடுத்தல் களப்பணியாளர் கடமை; சுரங்கப் பகுதிப் பிள்ளைகளுக்கு மின்னியல், இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் அடிப்படை அறிவூட்டல் ஆசிரியர் கடமை. இவ்விரண்டும் உலை அணைவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கவேண்டியவை. நிலையம் மூடிய மறுநாள் அதன் வாயிலில் நின்ற கூலியாளுக்கு வேலை இருந்ததா என்பதே எந்த ஒத்துழைப்பையும் அளக்கும் கோல்.