தையலுக்குப் பதில் காந்தம்... கணைய ஆபரேஷனில் இது சாத்தியமா?

இயர்பட்ஸ் கேஸை மூடும்போது 'டப்'புனு ஒட்டிக்குமே, அதே காந்தச் சங்கதிதான். வயிற்றுக்குள் இரண்டு உறுப்புகளை இணைக்க அதைப் பயன்படுத்தலாமா என்று டாக்டர்கள் சீரியஸாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

தையல் இருக்க, காந்தம் எதுக்கு?

கணையத்தின் தலைப்பகுதியில் கேன்சர் வந்தால் செய்யப்படும் பெரிய ஆபரேஷன், 'விப்பிள்'. கட்டியை எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டும். சிக்கலே இங்கேதான். சிலருக்குக் கணையம் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும்; தையல் போட்டாலே கிழியும். அதிலுள்ள குழாயோ பலருக்கு 3 மில்லிமீட்டர்கூட இருக்காது.

தையல் கொஞ்சம் விட்டாலும் கணைய நீர் கசியும். நீங்கள் சாப்பிட்ட கறியையும் கொழுப்பையும் கரைக்கிற நீர் அது. வெளியே வந்தால் பக்கத்து ரத்தக்குழாயையே அரித்துவிடும். நல்ல அனுபவமுள்ள மருத்துவமனைகளிலும் சுமார் 10 பேரில் ஒருவருக்காவது இந்தப் பிரச்னை வருகிறது.

காந்தம் என்ன செய்யும்?

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது நடுவில் சிக்கிய திசுவுக்கு ரத்தம் போகாது. அது மெல்லச் செத்துப்போகும். சுற்றியுள்ள விளிம்புகள் ஒன்றுசேர்ந்து ஆறும். வழி திறந்ததும் காந்தங்கள் கழன்று மலத்தோடு வெளியேறும்.

குழந்தைகள் காந்த மணிகளை விழுங்கினால் குடலில் ஓட்டை விழும்னு எச்சரிக்கிறாங்களே, காரணம் இதேதான். அங்கே விபத்து, இங்கே திட்டம்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

குடலோடு குடலை இணைப்பதில் இது மனிதர்கள்வரை வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, 5 நோயாளிகளிடம் செய்த முதல் சோதனையை 2017-ல் வெளியிட்டது.

கணையம் அவ்வளவு ஈஸி இல்லை. வழி திறக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை கணைய நீர் வடியத் தனிக் குழாய் வேண்டும். காந்தத்தின் பிடி அதிகமானால் திசு ஆறும் முன்பே ஓட்டை விழலாம்; குறைந்தால் இணைப்பே நிற்காது. காந்தம் உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ ஸ்கேனும் எடுக்க முடியாது. அதனால் கணையத்தில் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது...

வீட்டில் யாருக்காவது விப்பிள் ஆபரேஷன் என்றால், 'காந்த சர்ஜரி எங்கே பண்றாங்க?' என்று தேடி நாளைக் கடத்தாதீர்கள். "டாக்டர், இங்கே வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க?" என்று கேளுங்கள். இதை அதிகம் செய்யும் மருத்துவமனைகளில் உயிரிழப்பு குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காந்தம் வரும்போது வரட்டும். இன்றைக்குக் காப்பாற்றுவது பழகிய கைதான்!