கடலுக்கு 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு மீன் சாப்பாடு!
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் பெயர் தெரியாத நல்ல கடைகள்

சென்னையில் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

இப்படிக் கேட்டால், எல்லோரும் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். மெரினாவில் சுந்தரி அக்கா கடை என்பார்கள். சேப்பாக்கத்தில் 1961-ம் ஆண்டு முதல் நடக்கும் நாயர் மெஸ் என்பார்கள்.

இரண்டும் பெயர் பெற்ற கடைகள். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சொல்லிப் பாருங்கள். "அங்கே ஏது கடல்? அங்கே ஏது மீன்?" என்று சிரிப்பார்கள்.

கடல் இல்லைதான். ஆனால் மீன் உண்டு. மணக்க மணக்க மீன் குழம்பும் உண்டு!

தொழிலாளர் வளர்த்த கடைகள்

ஆவடியில் கனரக வாகன தொழிற்சாலை 1961-ம் ஆண்டு ஏற்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. பூந்தமல்லியோ பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். லாரிகள் இரவும் பகலும் ஓடும் பாதை.

தொழிற்சாலை வந்தது. தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடச் சின்னஞ்சிறு மெஸ்கள் வந்தன.

நாலு மேஜை. ஒரு தோசைக்கல். வாசலில் ஒரு கரும்பலகை. அதில், "மீன் சாப்பாடு தயார்" என்று சாக்பீசில் எழுதியிருக்கும். கணவர் கல்லாவில் இருப்பார். மனைவி அடுப்படியில் இருப்பார். பல கடைகளுக்கு நிலையான பெயர்ப் பலகை கூடக் கிடையாது. "அக்கா கடை", "அண்ணாச்சி மெஸ்" என்று வாய்ப் பெயர்தான்.

செல்போன் மூலம் சாப்பாடு கொண்டு வந்து தரும் நிறுவனங்களின் பட்டியலிலும் பல கடைகள் இருக்காது. அந்த நிறுவனங்களுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். கமிஷனையும் கொடுத்து, தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் சோறும் போட முடியுமா? முடியாது. அதனால்தான் இந்தக் கடைகள் வெளியே தெரிவதில்லை.

மீன் எப்படி வருகிறது?

ஆவடியிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

விடிவதற்கு முன்பே காசிமேட்டில் ஏலம் தொடங்கிவிடும். சிறு வியாபாரிகள் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோவிலும் சிறு வண்டியிலும் ஏற்றி மேற்கே கொண்டு வருவார்கள். பூந்தமல்லிப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வானகரம் மீன் மார்க்கெட் இன்னும் அருகில் இருக்கிறது. வெளியூர் லாரிகளும் அங்கே வந்து இறக்கும்.

காலையில் மீன் வாங்கினால், 11 மணிக்குக் குழம்பு கொதிக்கும். 12 மணிக்குப் பந்தி ஆரம்பம். 2 மணிக்குப் பாத்திரம் காலி!

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. சின்னக் கடையில் பெரிய குளிர்ப்பெட்டி இருக்காது. வாங்கிய மீனை அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டலில் நாலு நாள் ஐஸ் மீன் கிடைக்கலாம். கடலுக்குத் தள்ளி இருக்கும் மெஸ்ஸில் அன்றைய மீன் கிடைக்கலாம். தூரத்தை வைத்து மீனை எடை போடக்கூடாது.

61 நாள் சோதனை

இந்தக் கடைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை வரும். அதுதான் மீன்பிடித் தடைக்காலம்.

மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலைக் கலக்கக் கூடாது. அதற்காகத் தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. முதலில் 45 நாள். 2017-ல் அது 61 நாள் ஆயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரத்துக்கும் சிறு நாட்டுப் படகுக்கும் இந்தத் தடை இல்லை.

அப்போது கேரளத்திலிருந்து மீன் வரும். ஆனால் ஜூன் 9-ந் தேதி நள்ளிரவில் அங்கேயும் 52 நாள் தடை தொடங்கிவிடும். ஆகவே ஜூன் 10 முதல் 14 வரை நமக்கும் தடை, அவர்களுக்கும் தடை! மீன் தட்டுப்பாடு உச்சத்துக்குப் போகும் நாட்கள் இவைதான்.

விலை ஏறினால் பெரிய ஓட்டல் தட்டின் விலையைக் கூட்டிவிடும். சின்ன மெஸ் என்ன செய்யும்? தொழிலாளியின் சம்பளம் ஏப்ரலில் ஏறாதே! சமையல் காஸ் வேறு இருக்கிறது. ஓட்டல்களுக்கான சிலிண்டர் விலை மாதந்தோறும் மாறுகிறது.

புரட்டாசி வந்தால் வேறு கஷ்டம். மீன் மலிவாகக் கிடைக்கும். சாப்பிட ஆள் வராது!

இயற்கையும் அடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. அதே நாட்களில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் பிழைப்பு இழந்தார்கள். மேற்கே வேலை நின்றது, கிழக்கே வலை நின்றது. நடுவில் இருந்த சின்னக் கடைக்கு இரண்டு பக்கமும் அடி.

வஞ்சிரம்தான் வேண்டுமா?

இந்தக் கஷ்டத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும், "வஞ்சிரம் இருக்கிறதா?" என்று கேட்கிறோம். இல்லை என்றால் எழுந்து போகிறோம். போன வாடிக்கைக்காரரைப் பிடிக்கக் கடைக்காரர் என்ன செய்வார்? பழைய ஐஸ் வஞ்சிரத்தை வாங்கி வைப்பார். அல்லது வேறு மீன் துண்டை மசாலாவில் புரட்டி, "வஞ்சிரம்" என்று போடுவார். சிவக்கச் சிவக்கப் பொரித்த துண்டில் பெயரா எழுதியிருக்கிறது?

நல்ல கடைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். "இன்றைக்குச் சங்கரா வந்தது. நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது" என்று பட்டென்று சொல்லுவார். அவரை நம்பலாம்.

சங்கரா, மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி இவையெல்லாம் மட்டமான மீன்கள் அல்ல. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நல்லது செய்யும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. விலை குறைவு. சத்து அதிகம். முள்தான் கொஞ்சம் தொந்தரவு! குழந்தைகளுக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.

தடைக்காலத்தில் ஏரி மீனுக்கு மாறும் கடைகள் உண்டு. பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. ஆந்திராவிலிருந்து கட்லாவும் ரோகுவும் வண்டி வண்டியாக வருகின்றன. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இவை பழகிய மீன்கள். ஏரி மீனை ஏரி மீன் என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. மீனே இல்லாத நாளில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் கடையும் உண்டு. அந்த நாளை விட்டுவிடாதீர்கள்!

நல்ல கடைக்கு அடையாளம்

நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளங்கள்:

ஒன்று: மதியம் 2 மணிக்கு மேல் மீன் தீர்ந்திருக்க வேண்டும். ராத்திரி வரை அதே குழம்பு ஓடினால் யோசியுங்கள்.

இரண்டு: எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைந்தால் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018-ம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது.

மூன்று: பொரித்த மீன் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா? மிளகாய்த் தூள் அப்படிச் சிவக்காது. அது சாயம்! கர்நாடகத்தில் மீன், கோழி வறுவலில் செயற்கைச் சாயம் சேர்க்க 2024 ஜூனில் தடை போட்டார்கள்.

நான்கு: பச்சை மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், தொட்டால் சதை கெட்டியாகவும் இருக்க வேண்டும். 2018-ல் பார்மலின் என்னும் ரசாயனம் தடவிய மீன் கேரள எல்லையில் லாரி லாரியாகப் பிடிபட்டது நினைவிருக்கட்டும்.

ஐந்து: சிறு கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 14 இலக்க எண் சுவரில் மாட்டியிருக்கும். இல்லை என்றால் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

எங்கே தேடுவது?

அம்பத்தூரில் தொழிற்பேட்டையைச் சுற்றிய தெருக்கள், பட்டரவாக்கம் ரயில் நிலையப் பக்கம், ஓ.டி. பஸ் நிலையப் பக்கம். ஆவடியில் மார்க்கெட்டைச் சுற்றி. பூந்தமல்லியில் குமணன்சாவடி, கரையான்சாவடி நெடுஞ்சாலை ஓரம்.

வழி கேட்க ஆள் வேண்டுமா? தொழிற்சாலைக் காவலாளியைக் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுபவரைக் கேளுங்கள். தினமும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் எது நல்ல கடை என்று தெரியும்.

குடும்பத்தோடு உட்கார இடம் போதாது என்றால், வீட்டிலிருந்து தூக்குச் சட்டி கொண்டு போங்கள். சோறு வீட்டில் வடியுங்கள். குழம்பும் வறுவலும் மட்டும் வாங்குங்கள். செலவு பாதியாகும். கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

கடல் கொடுத்ததைக் கடைக்காரர் வாங்கட்டும். கடைக்காரர் வாங்கியதை நாம் சாப்பிடுவோம். அப்படிச் செய்தால் சிறு படகு மீனவருக்கும் பிழைப்பு உண்டு. சின்ன மெஸ்ஸும் தடைக்காலத்தைத் தாண்டும். தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும் விலையில் மீன் சாப்பாடு கிடைக்கும்.

அடுத்த முறை கடைக்குப் போனால், "வஞ்சிரம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள்.

"இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள்!