ஓடுபாதையைக் கைவிடுதல்

வானில் எந்திரம் நின்றுபோவதை நம் வாசகர்களில் பலர் 'குட்டி இளவரசன்' வழியாகவே அறிந்திருப்பார்கள். அங்கே அது கதைக்குள் நுழைய ஒரு வாசல்; விமானி பாலையில் இறங்கியாகிவிட்டது, இனி சிறுவன் வரவேண்டும். (1935இல் லிபியப் பாலையில் செந்த் எக்சுபரி வீழ்ந்தபோது எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருக்குமிடம் அறியாமல் இருளில் தரையில் மோதினார். புனைவில் பழி எந்திரத்தின்மேல் ஏறிக்கொண்டது.) எந்திரம் அடங்கியதற்கும் தரையைத் தொட்டதற்கும் இடைப்பட்ட பொழுதை இலக்கியம் தாண்டிச் சென்றுவிடுகிறது என்பது என் நெடுநாளைய குறை.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்ட், சாண்டா மோனிகா நிலையத்திலிருந்து ரயன் பிடி-22 என்னும் விமானத்தில் கிளம்பினார். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க மாணவ விமானிகள் பழகிய சிறு பயிற்சி விமானம் அது. மேலேறிக்கொண்டிருக்கும்போதே எந்திரம் வலுவிழந்தது. நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஓடுபாதையை நோக்கித் திரும்பினார்; எட்டாது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டு, பக்கத்திலிருந்த கோல்ப் மைதானத்தை நோக்கி இறங்கினார். ஒரு மரத்தின் உச்சியில் உரசித் தரையில் விழுந்தது விமானம். அப்போது அவருக்கு வயது 72. பலத்த காயங்களோடு பிழைத்தார். தரையில் எவருக்கும் ஊறில்லை.

திரையில் விண்கலம் ஓட்டியவர் என்று மறுநாள் உலகமே கேலியும் பாராட்டுமாகப் பேசித் தீர்த்தது. அந்தக் கைவிடலைத்தான் எவரும் போதுமான அளவு பேசவில்லை என்பேன். எந்திரமற்ற விமானம் உயரத்தைச் செலவழித்தே வேகத்தை வாங்குகிறது. திரும்புவதற்காகச் சாய்ந்தால் செலவு கூடும். 'இன்னும் சற்றே, எட்டிவிடலாம்' என்று மூக்கை உயர்த்தினால் வேகம் குறைந்து, இறக்கை தாங்குவிசையை இழந்து, விமானம் கல்லாக விழும். கிளம்பிய இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பதுதான் ஆபத்து. அதனால்தான் பயிற்சியின்போது ஆசிரியர் திடீரென எந்திர விசையைக் குறைத்து, எங்கே இறங்கப் போகிறாய் என்று மாணவனைக் கேட்கிறார். வயலோ மைதானமோ, எட்டக்கூடிய வெளியை அவன் சொல்லியாக வேண்டும்.

காரணத்தை விசாரணை அறிக்கை அதே ஆண்டில் சொன்னது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் சிறு துளைத்திருகு இருக்கையிலிருந்து கழன்றுவிட்டது. பெட்ரோல் மிகுந்து, காற்றோடு கலக்கும் விகிதம் கெட்டு, எந்திரம் திணறியது. இன்னொன்றும் அதிலிருந்தது: தோள்பட்டை வார் முறையாகப் பொருத்தப்படவில்லை, காயங்கள் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம். வீர வழிபாட்டில் திளைத்தவர்கள் இந்த வாரைப் பற்றி ஒரு வரிகூட எழுதி நான் பார்க்கவில்லை. விமானி தன் கையில் இருந்ததைச் சரியாகச் செய்தார். வாரைப் பொருத்திய கை வேறொருவருடையது.